பருவம் திரும்பும் பொழுதில்: அனுபவப் பகிர்வு

திருவையாறு பக்கத்திலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்

கோயிலுக்கு வெளியே, ஒரு பருவம் முடிந்து மற்றொன்று தொடங்கும் வேளையில், தன்னையறியாமல் கைகூப்பத் தோன்றிய பொழுது உங்களில் யாருக்கேனும் வாய்த்ததுண்டா? கேட்பவன் முதலில் சொல்வதுதான் முறை என்பதால் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் குடமுருட்டிக் கரையில் இருக்கிறது. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறந்தால், தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நான்கு நாட்களாகும். அங்கிருந்து பிரித்துவிட்ட பிறகு எங்கள் படித்துறைக்கு அது எப்போது வரும் என்பதைப் பெரியவர்கள் நாழிகைக் கணக்கில் சொல்வார்கள். மாசி கழிந்தால் ஆறு வெறும் மணல்தான். நாங்கள் அதில் பந்து விளையாடுவோம், மாடுகள் குறுக்கே நடந்து அக்கரை போகும். எனக்கு எட்டு வயது இருக்கும்போது ஓர் ஆனி மாத இரவில் அப்பா என்னை எழுப்பி, அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குள் அழைத்துப்போனார். ஏற்கெனவே பத்துப் பதினைந்து பேர் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் உரக்கப் பேசவில்லை.

புதுப்புனல் என்றால் சுவர்போல எழுந்து வரும் என்று நான் எண்ணியிருந்தேன். அப்படி வரவில்லை. விளக்கு வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது சருகுகளின் அசைவு. அதன் பின்னால், நாலு விரல் உயரம்கூட இல்லாமல், நுரையும் குச்சியும் செத்தையுமாக ஒரு பழுப்பு நாக்கு மணலைத் தடவிக்கொண்டு வந்தது. வருகிற தண்ணீரை மணல் குடித்துக்கொண்டே இருந்தது. குடிக்கும்போது உள்ளிருந்த காற்று சின்னச்சின்னக் குமிழிகளாக வெளியேறி "உஸ்" என்று நீளமாக ஒரு சத்தம் ஆற்றின் அகலம் முழுவதும் கேட்டது. எறும்புகள் குச்சிகளின் மேல் ஏறின. ஏதோ ஒரு பள்ளத்தை நிரப்புவதற்காகத் தண்ணீர் சற்று நின்றது; நிரம்பியதும் மறுபடி நடந்தது. எங்கள் காலடிக்கு வந்தபோது அப்பா குனிந்து ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார், மடியில் கட்டிவைத்திருந்த விதைநெல்லில் ஒரு பிடி எடுத்து அதில் விட்டார். "கும்பிட்டுக்க தம்பி" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. அவர் பெரிய பக்திமான் அல்லர். திருவிழாவுக்கு மட்டும் கோயிலுக்குப் போகிறவர்.

ஆடிப்பெருக்கை அம்மா பார்த்துக்கொள்வாள். காவேரியம்மன் அப்போது கருவுற்றிருக்கிறாள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மசக்கைக்காரியின் வாய்க்கு ருசியாக இருக்கவேண்டும் என்றுதான் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு என்று வகை வகையாகக் கட்டிப் படித்துறைக்குக் கொண்டுபோவார்கள். காதோலை கருகமணியும் மஞ்சளும் பூவும் ஆற்றில் விட்டு, மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, காப்பரிசியை எங்கள் கைகளில் அள்ளிக் கொடுப்பார்கள். ஓர் ஆற்றை வயிற்றுப்பிள்ளைக்காரியாகப் பார்த்து, அவளுக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்துச் சமைத்த மனம் எவ்வளவு பெரியது என்பதை நான் ஐம்பது வயதுக்குப் பிறகுதான் உணர்ந்தேன்.

2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் ஜூன் 12 அன்று அணை திறக்கப்படவில்லை. 2017 ஆடிப்பெருக்கன்று எங்கள் படித்துறையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பெண்கள் ஆழ்குழாய்க் கிணற்று நீரைக் குடத்தில் பிடித்துவந்து மணலில் வைத்துப் படைத்தார்கள். அப்பாவுக்கு அப்போது எண்பத்து நான்கு வயது. தன்னை ஆற்றுக்குள் இறக்கிவிடச் சொன்னார். கைத்தாங்கலாகக் கொண்டுபோய் உட்காரவைத்தோம். அவர் எதுவும் பேசாமல் இரு கைகளாலும் மணலைப் பறிக்கத் தொடங்கினார். முழங்கை ஆழம் போன பிறகு ஈரம் தட்டியது. அந்த ஈர மணலில் ஒரு சிட்டிகை எடுத்து, திருநீறு இட்டுக்கொள்வதுபோல நெற்றியில் இட்டுக்கொண்டார். அந்த ஆண்டு அணையை அக்டோபரில்தான் திறந்தார்கள். அவர் ஆவணியிலேயே போய்விட்டார்.

எட்டு ஆண்டுகள் கழித்து 2020 ஜூன் 12 அன்று அணை திறக்கப்பட்டது. ஊரடங்குக் காலம். படித்துறையில் என்னையும் சேர்த்து மூன்று பேர்தான் தள்ளித் தள்ளி நின்றிருந்தோம். அதே சருகு, அதே நுரை, இப்போது கூடவே நெகிழிப் பைகளும் வந்தன என்பதை மன வருத்தத்தோடு சொல்லவேண்டும். அந்த "உஸ்" சத்தம் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா வருகிற தண்ணீரைக் கும்பிட்டார் என்றே அதுவரை நினைத்திருந்தேன். தண்ணீரே வராத ஆண்டிலும் அவர் கும்பிடுவதற்கு ஒன்றைத் தோண்டி எடுத்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மயிலாடுதுறையிலிருந்து, இல்லத்தரசி

ஐயா, தங்கள் தந்தையார் ஈர மணலை இட்டுக்கொண்டதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தாங்கள் எழுதியது நீர் வரும் காலம். என்னுடையது அதே காவிரியின் அடைமழைக் காலம்.

எங்கள் ஊரில் ஐப்பசி முழுவதும் துலா நீராடல். கங்கை முதலான எல்லா நதிகளும் அந்த மாதத்தில் தங்கள் பாவச்சுமையைக் கழுவிக்கொள்ளக் காவிரிக்கு வருவதாக ஐதீகம். மாதத்தின் கடைசி நாள் கடைமுழுக்கு. அன்று மாயூரநாதர் கோயிலிலிருந்தும் மற்றக் கோயில்களிலிருந்தும் சுவாமிகள் துலாக்கட்டத்துக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி நடக்கும். ஊரே கரையில் நிற்கும். மறுநாள் கார்த்திகை முதல் தேதி முடவன் முழுக்கு. கால் ஊனமுற்ற ஓர் அடியவர் துலா நீராட வெகுதொலைவிலிருந்து புறப்பட்டு, தவழ்ந்து தவழ்ந்து வந்துசேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டது. அவர் மனமுருகி அழ, அவருக்காக இறைவன் ஒரு நாளைக் கூட்டிக் கொடுத்து அதே பலனை அருளினார் என்பது கதை.

இந்தக் கதையைச் சிறுவயது முதல் கேட்டிருந்தாலும் அது யாரோ ஒருவருடைய கதையாகத்தான் இருந்தது. என் மாமியார் பக்கவாதத்தில் விழுந்து ஆறு ஆண்டுகள் படுக்கையில் இருந்தார்கள். அந்த ஆறு ஐப்பசிகளிலும் நான் ஒரு நாள்கூட ஆற்றுக்குப் போகவில்லை. விடியற்காலைதான் அவர்களுக்கு உடம்பு துடைத்து, துணி மாற்றி, கஞ்சி கொடுக்கும் நேரம். வாசலில் ஈரப்புடவையோடு பெண்கள் பேசிக்கொண்டே திரும்பிப் போவதைச் சன்னல் வழியாகப் பார்ப்பேன். பொறாமையாக இருக்கும் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். ஏழாவது ஆண்டு ஐப்பசியின் நடுவில் அவர்கள் காலமானார்கள். தீட்டு, காரியம் என்று மாதம் ஓடிவிட்டது. கடைமுழுக்கன்றும் வீட்டில் உறவினர் கூட்டம்.

கார்த்திகை முதல் தேதி எங்கள் வீட்டுக்காரர்தான், "இன்னைக்காவது போயிட்டு வா" என்றார். இருட்டு பிரியாத நேரம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. முந்தைய நாள் கூட்டத்தின் அடையாளமாகப் படிகளில் நசுங்கிய வாழைப்பழத் தோலும் பூக்களும் கிடந்தன. நடு ஆற்றில் நந்தி மண்டபம் மங்கலாகத் தெரிந்தது. மழைக்காலத்துத் தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது. இடுப்பளவு நீரில் இறங்கி மூழ்கியபோது காதுக்குள் மழைத்துளி ஆற்றில் விழும் ஓசை மட்டும் கேட்டது. வெளியில் கேட்பதைப்போல அல்லாமல், நெல் கொட்டுவதுபோல ஓர் ஓசை. எழுந்து பார்த்தால், நாலு படி தள்ளி, நடக்க முடியாத ஒரு பெரியவரை அவருடைய மகன் தோளில் சாய்த்துப் பிடித்தபடி சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். பெரியவர் ஒவ்வொரு சொம்புக்கும் "சிவாயநம" என்று நடுங்கிய குரலில் சொன்னார்.

என் மாமியாருக்கு ஆறு ஆண்டுகள் நான் மொண்டு ஊற்றியதும் இதே தண்ணீர்தானே என்ற நினைப்பு அப்போது வந்தது. எங்கள் கிணறு ஆற்றங்கரைக்கு அடுத்த தெருவில் இருக்கிறது. ஆற்றில் நீர் ஓடினால் கிணறு ஊறும். அதற்குப் பிறகு ஐப்பசியில் போக எனக்கு வசதி இருந்தும் நான் முடவன் முழுக்குக்குத்தான் போகிறேன்.

வத்தலக்குண்டிலிருந்து, அஞ்சல் துறை ஊழியர்

நீங்கள் இருவரும் ஆண்டுக்கொரு முறை வருவதைப் பற்றி எழுதினீர்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும் பருவம் ஒன்று எங்கள் பழனி மலைத்தொடரில் உண்டு.

2006-இல் திருமணமான புதிதில் மனைவியோடு கொடைக்கானல் போனபோது முதன்முதலாக நீலக்குறிஞ்சியைப் பார்த்தேன். தனிப்பூவாகக் கையில் எடுத்தால் அதில் பிரமிப்பதற்கு ஒன்றுமில்லை. கட்டை விரல் நீளத்துக்கு ஒரு சிறு மணி. நீலமும் ஊதாவும் கலந்த நிறம். அது சரிவு முழுவதும் பூத்திருக்கையில்தான் பேச்சு நின்றுவிடுகிறது. அதைவிட என்னைக் கட்டிப்போட்டது தேனீக்களின் ரீங்காரம். மலையே முணுமுணுத்து ஏதோ ஓதுவதுபோல இருந்தது. பழனி தெரியும்படி அமைந்த குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் அன்று குறிஞ்சிப் பூவால் அலங்காரம் செய்திருந்தார்கள். 1936-இல் கட்டப்பட்ட கோயில் அது. குறிஞ்சி நிலத்துக்குத் தெய்வம் முருகன் என்று பள்ளியில் மனப்பாடம் செய்த செய்தி அங்கேதான் எனக்கு உயிரோடு தெரிந்தது.

2018-இல் மகளை அழைத்துப்போனேன். அந்த முறை கூட்டம் மிகுதி. செடிகளை ஒடித்துக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டவர்களைப் பார்த்து மனம் நொந்து திரும்பினேன். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கடுத்த ஆண்டைப் பற்றி.

2019-இல், மழை தொடங்கிய பின், அலுவலக வேலையாக மேலே போனவன் அதே சரிவுக்குத் தனியாக நடந்தேன். குறிஞ்சி ஒருமுறை பூத்து விதைத்ததும் முழுச்செடியும் பட்டுப்போகும் என்று கேள்விப்பட்டிருந்தேன், கண்ணால் கண்டதில்லை. சரிவு முழுவதும் சாம்பல் நிறக் குச்சிகள் நின்றன. கை பட்டதும் முறிந்தன. ஒரு மனிதரும் இல்லை. குனிந்து குச்சிகளை விலக்கிப் பார்த்தபோது அடியில் மண்ணை மறைக்கிற அளவுக்கு இரண்டு இரண்டு இலைகளாக நாற்றுகள் முளைத்திருந்தன. வெயில் நேராகப் படாமல் தாய்க்குச்சிகளின் நிழல் அவற்றின்மேல் கட்டம் கட்டமாக விழுந்துகொண்டிருந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். மிதித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் கழற்றினேன், ஆனால் கழற்றிய பிறகு கோயிலுக்குள் நிற்பதுபோலவே நின்றேன்.

அதன்பின் ஆண்டுதோறும் ஒருமுறை போய்வருகிறேன். பூக்காத ஆண்டுகளில் அந்த இடம் வெறும் பச்சைப் புதர். முட்டி உயரம், இடுப்பு உயரம் என்று அதன் வளர்ச்சியை என் உடம்பை வைத்தே அளந்துகொள்கிறேன். மலையில் வாழும் பழங்குடி மக்கள் தங்கள் வயதைக் குறிஞ்சிப் பூப்பை வைத்துக் கணக்கிட்டு வந்ததாகச் சொல்வார்கள். அந்தக் கணக்கில் நான் கண்டது இரண்டு, மூன்றாவது 2030-இல்.

சென்னையிலிருந்து, தனியார் நிறுவன ஊழியர்

மழையையும் ஆற்றையும் தெய்வமாக எழுதுவதைப் படிக்கும்போது சில ஆண்டுகள் எனக்குக் கோபம் வந்தது. 2015 டிசம்பர் முதல் தேதி இரவு அடையாற்று வெள்ளம் எங்கள் வீட்டுக்குள் கழுத்தளவு ஏறியது. இரண்டு நாள் அண்டை வீட்டு மொட்டைமாடியில் இருந்தோம். என் அம்மாவின் திருமணப் புகைப்படம், அப்பாவின் கடிதங்கள் எல்லாம் சேறாகிவிட்டன. அதன்பின் ஐப்பசி கார்த்திகையில் இரவில் மழை பெய்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வேன். தரையில் கால் வைத்து ஈரமாக இருக்கிறதா என்று பார்ப்பேன்.

2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தந்த ஏரிகள் வறண்டன. தண்ணீர் லாரிக்காக நள்ளிரவில் குடங்களோடு வரிசையில் நின்றோம். ஜூன் மாதம் ஒருநாள் மழை வந்தது. எங்கள் தெருவில் எல்லா மொட்டைமாடிகளிலும் ஆட்கள் ஏறி நின்றார்கள். பக்கெட், அண்டா, குழந்தைகளின் பிளாஸ்டிக் தொட்டி என்று கையில் கிடைத்ததையெல்லாம் விரித்து வைத்தார்கள். நானும் போனேன். முகத்தில் துளி விழுந்தபோது பயமும் நன்றியும் ஒரே நேரத்தில் வந்தன. ஒன்றை ஒன்று அழிக்கவில்லை. மழையை அன்பான தாய் என்று மட்டும் என்னால் இன்றும் சொல்ல முடியாது. அதன் முன்னால் நான் சிறியவன் என்பதை மட்டும் இரண்டு முறையும் உணர்ந்தேன். கும்பிடத் தோன்றுவது அந்த இடத்தில்தான்.

டொராண்டோவிலிருந்து, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர்

அம்மாவை நாங்கள் கனடாவுக்குக் கூப்பிட்டது ஒரு புரட்டாதி மாதத்தில். மேப்பிள் மரங்கள் சிவந்து உதிர்வதைப் பார்த்து முதலில் அதிசயப்பட்டார். கார்த்திகை வந்ததும் வாடத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். இங்கே கோடையில் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கும். மார்கழியில் ஒன்பது மணி நேரம்கூட இராது. பிற்பகல் ஐந்து மணிக்கு முன்பே பொழுது பட்டுவிடும். வாழ்நாள் முழுவதும் காலையில் கிணற்றடியில் குளித்துவிட்டுச் சூரியனைக் கும்பிட்ட மனுசிக்கு, எட்டு மணிக்கு எழும்பும் சூரியனும் அதையும் மறைக்கும் முகிலும் பெரிய தண்டனையாக இருந்தன. "இந்த நாட்டில சூரியனுக்கு என்ன வருத்தம்?" என்று என்னிடம் கேட்டார்.

அவர் ஒரு வேலை செய்தார். சுவரில் தொங்கிய நாட்காட்டியில், நாள்தோறும் எங்கள் அடுக்குமாடியின் மேற்குச் சன்னலில் சூரியன் மறைகிற நேரத்தைப் பென்சிலால் குறித்துவந்தார். முகில் மூடிய நாட்களில் ஒரு சுழியம் போடுவார். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் நேரம் நாலு நாற்பத்து மூன்று என்று இருந்தது. பிறகு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று நகரத் தொடங்கியது.

தைப்பொங்கலன்று வெளியில் கடுங்குளிர். ஊரிலென்றால் முற்றத்தில் கோலமிட்டு, மூன்று கல் வைத்துப் பானையேற்றி, பொங்கி வழியும்போது பிள்ளைகள் சீனவெடி கொளுத்துவார்கள். இங்கே மின்னடுப்பில்தான் பொங்கினோம். சர்க்கரையும் வறுத்த பயறும் போட்டு இறக்கி, தலைவாழையிலைக்குப் பதில் கடையில் வாங்கிய உறைந்த வாழையிலையை வெந்நீரில் நனைத்து விரித்துப் படைத்துவிட்டுச் சூரியனுக்காகக் காத்திருந்தோம். எட்டு மணிக்குச் சற்று முன்பு அது வந்தது. எதிர்க் கட்டடங்களின் கூரைப் பனியில் பட்டு, அறை முழுவதும் வெளிச்சம். அம்மா நாட்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து படையலுக்குப் பக்கத்தில் வைத்தார். மார்கழியிலிருந்து ஏறத்தாழ இருபது நிமிடம் கூடியிருந்தது. "சூரியன் திரும்பிட்டார் பிள்ளை" என்றார்.

சூரியன் வடக்கே திரும்பும் நாள் என்று ஊரில் நாற்பது வருடம் கேட்டும் எனக்கு அது ஏட்டுச் செய்தியாகத்தான் இருந்தது. வெளிச்சம் குறைவதை உண்மையில் அனுபவித்து, அது திரும்பி வருவதை நிமிட நிமிடமாக எண்ணிப் பார்த்த பிறகு, தமிழர் எவரும் பொங்கலை உண்டாக்கும்போது நினைத்தே பார்த்திராத இந்தக் குளிர்நாட்டில்தான் நான் அதை முதன்முதலாக முழுமனத்தோடு கும்பிட்டேன். அம்மா இப்போது இல்லை. அந்த நாட்காட்டி என் சுவாமிப்படத் தட்டில் இருக்கிறது.

திருவையாறு பக்கத்திலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்

அனைவருக்கும் என் வணக்கம். சென்னை அன்பர் எழுதியதைத் தனியாகக் குறிப்பிடவேண்டும். எங்கள் பக்கத்திலும் வெள்ளத்தில் பயிர் அழுகிய ஆண்டுகள் உண்டு. அந்த ஆண்டுகளில் அப்பா என்ன செய்தார் என்பதை யோசித்துப் பார்த்தேன். தண்ணீர் வடியும்வரை வரப்பில் நின்றுகொண்டிருப்பார். கும்பிட்டதாகவோ வைததாகவோ நினைவில்லை.

இதையெல்லாம் பேத்திக்கு வாசித்துக் காட்டினேன். நேற்று மாலை அவள் என்னை ஆற்றுக்குள் இழுத்துக்கொண்டு போனாள். பங்குனி வெயிலில் மணல் மாலையிலும் சுட்டது. அப்பா உட்கார்ந்த இடம் எதுவென்று கேட்டாள். ஏறக்குறைய ஓரிடத்தைக் காட்டினேன். இருவரும் மாறி மாறித் தோண்டினோம். அவளுடைய கை தோள்வரை உள்ளே போன பிறகுதான் ஈரம் தட்டியது. உள்ளங்கையை அதில் வைத்து அழுத்தி எடுத்தாள். பதிந்த ஐந்து விரல் தடத்துக்குள்ளும் மெல்ல மெல்லத் தண்ணீர் ஊறி நின்றது.